இசைச் சொற்களுக்குப் பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இசைப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும், இசைக் கலைச்சொற்களைத் தொகுக்கும் குழுவினருக்கும், இசைத் தேர்வுகளுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் வைத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கிறேன். 26 வருடமாக இதுதான் என் வேலை. பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் கடைசியில் என்னைப் போன்றவர்களின் கூடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வருடம் என்னிடம் படிக்கும் ஒரு பெண் இசைத் தேர்வு எழுதினாள். எந்தத் தேர்வு, யார் நடத்தியது என்பது இங்கே முக்கியமில்லை. அதில் ஒரு மதிப்பெண் கேள்வி: ‘பாணி - பொருள் தருக.’ அவள் ‘தாளம்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘சிலம்பு, அரங்கேற்று காதை’ என்றும் குறித்திருந்தாள். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோது அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. விடைக்குறிப்பில் இருந்தது ‘ஒரு கலைஞரோ ஒரு குரு வழியினரோ பாடும் முறை’ என்பது.

ஒரு மதிப்பெண் போனதால் எதுவும் குடி முழுகிப் போய்விடவில்லை. ஆனால் அந்தப் பெண் என்னிடம் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. “மிஸ், அப்போ இளங்கோவடிகள் எழுதினது தப்பா?”

அவர் எழுதியது என்ன என்று பார்ப்போம். மாதவி அரங்கேறும்போது அவளுடன் இருக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே அந்தக் காதையில் வருகிறது. தண்ணுமை வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றில் ‘பண்ணே பாணி தூக்கே’ என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பண் ஒன்று, தாளம் ஒன்று, தூக்கு ஒன்று. மத்தளக்காரருக்குத் தாளம் தெரியவேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு. பாணி என்றால் கை. கையால் தட்டுவது தாளம். அந்த இடத்தில் ‘பாடும் முறை’ என்று பொருள் வைத்தால் வரியே நிற்காது.

புறநானூற்றிலும் இந்தச் சொல் இருக்கிறது. பக்குடுக்கை நன்கணியாரின் பாட்டு, 194ஆவது. ‘ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப’ என்று தொடங்கும். ஒரு வீட்டில் சாவு, ஒரு வீட்டில் கல்யாணம். பழைய உரைகாரர் இங்கே பாணி என்பதற்கு ஓசை என்று பொருள் சொல்கிறார். அதே வரியில் ‘நெய்தல்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். பூ இல்லை, கடற்கரை நிலம் இல்லை. சாவு வீட்டில் அடிக்கும் பறைக்கு அந்தப் பெயர். இரண்டே அடிக்குள் இசைச் சொல் இரண்டு, இரண்டும் இன்று வேறு எங்கோ போய்விட்டன. இந்தப் பாட்டை வகுப்பில் படிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் முதலில் ஒரு குளத்தையும் நீலப் பூவையும் நினைத்துக்கொள்கிறார்கள். பறை என்று சொன்னதும் முகம் மாறுகிறது. அதற்குப் பிறகுதான் பாட்டு அவர்களுக்குள் இறங்குகிறது.

இன்றைக்குப் பாணி என்றால் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ‘அந்தப் பாணியில் பாடுகிறார்’, ‘தஞ்சாவூர் பாணி’ என்று நானே தினமும் சொல்கிறேன். அது தவறு என்று யாரும் சொல்லக் கூடாது. உங்கள் விடைக்குறிப்பில் இருந்த பொருள் சரியான பொருள்தான். இன்றைய பொருள். அதை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய பொருளைத் தேடிப்போய்ப் படித்து எழுதிய பிள்ளைக்குக் கோடு போட்டதுதான் என் வருத்தம். சொல்லுக்குப் பொருள் எழுதும்போது அது எந்தக் காலத்துப் பொருள் என்றும் எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இது ஒரு சொல்லோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். சுருதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் படிக்கும்போது ‘சுருதிகள் 22’ என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரை உள்ள தூரத்தை, நுண்ணிய அளவுகளாகப் பிரித்தால் வரும் எண்ணிக்கை அது. பரதர் காலத்திலிருந்து வரும் கணக்கு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்று அவ்வளவு பெரிய நூலை எழுதியதற்கு ஒரு முக்கியக் காரணம், அது 22 இல்லை, 24 என்று நிறுவுவதற்குத்தான். சரி. ஆனால் அதே பிள்ளை தினமும் வகுப்புக்கு வந்ததும் நான் சொல்வது “சுருதியைப் போடு”, “சுருதியோடு சேர்ந்து பாடு”. இங்கே சுருதி என்றால் ஆதார சட்ஜம், அதாவது பாட்டுக்கு அடிப்படையாக நிற்கும் ‘ச’, தம்புராவின் ரீங்காரம். முன்பு ஒரு சிறுவன் கேட்டான்: “மிஸ், 22 சுருதின்னா 22 சுருதிப் பெட்டி வேணுமா?” கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டதில் தவறே இல்லை. ஒரே சொல்லை இரண்டு பொருளில் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவை இரண்டு என்பதை நாம்தான் சொல்லாமல் விட்டோம். அவன் படித்த புத்தகத்திலும் ஒரு வரி கூட அதைப் பற்றி இல்லை.

சுருதியை அளக்கும் சொல் இன்னொன்று இருக்கிறது, அது எந்தப் பாடநூலிலும் ஒழுங்காக விளக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. கட்டை. “பொண்ணுக்கு எத்தனை கட்டை?” என்று கேட்டால் “அஞ்சரை” என்று பதில் வரும். என் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்தவர். பின்பாட்டுக்காரர் என்பார்கள். அவருடைய பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அழுத்தும் பலகைகள் மரத்தில் செய்தவை. வெள்ளைக்கு மேலே மெல்லிய தகடு ஒட்டியிருக்கும், ஓரங்களில் அது மஞ்சளாகிப்போய் ஓரிரண்டில் பெயர்ந்து உள்ளே கட்டையே தெரிகிறது. அந்தக் கட்டைதான் இந்தக் கட்டை. முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. அதற்கு அடுத்த கறுப்பு ஒன்றரை. அடுத்த வெள்ளை இரண்டு. இப்படியே போனால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அதனால்தான் யாருமே ‘மூன்றரைக் கட்டை’ என்று சொல்வதில்லை. இதை அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

மைக் இல்லாத காலத்தில் விடிய விடியக் கடைசி வரிசை வரைக்கும் குரல் கேட்க வேண்டும். அதனால் நாடக மேடையில் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்பது பெருமை. இப்போது சுருதிப் பெட்டி மின்சாரத்தில் ஓடுகிறது, அல்லது கைபேசியில் ஒரு செயலியாக இருக்கிறது. மரமே இல்லை. ஆனால் சொல் இருக்கிறது. மேற்கிலிருந்து வந்த ஒரு கருவியின் மரத்துண்டு, நம் ஊர்ப் பாடகர்களின் குரலுக்கு அளவுகோலாகி, அந்தக் கருவியே அருகிப்போன பிறகும் சொல்லாக மட்டும் நிற்கிறது. இதைவிட நல்ல பாடம் ஒரு இசைப் புத்தகத்துக்கு எங்கே கிடைக்கும்? இதற்கு நடுவில் ‘கட்டைக் குரல்’ என்று இன்னொன்று வேறு இருக்கிறது. அதற்கு அர்த்தம் தடித்த, தாழ்ந்த குரல். ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கு இருக்கக்கூடாத குரல் அது.

குரல் என்றதும் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. இன்று குரல் என்றால் தொண்டையிலிருந்து வருவது. பழைய இசைத்தமிழில் அது ஏழு சுரங்களில் முதலாவது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். நம் பாடநூல்கள் இதற்கு நேராக ச, ரி, க, ம, ப, த, நி என்று போட்டு ஒரு அட்டவணை கொடுத்து முடித்துவிடுகின்றன. முடிந்துபோன விஷயமா அது?

சிலப்பதிகார உரையில் ஒரு வெண்பா வருகிறது, ‘குரல் துத்தம் நான்கு, கிளை மூன்று, இரண்டாம் குரையா உழை இளி நான்கு’ என்று. ஒவ்வொரு சுரத்துக்கும் எத்தனை அலகு, அதாவது முன்னே சொன்ன நுண்ணிய சுருதி எத்தனை, என்ற கணக்கு. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. இப்போது வடமொழி நூல்களின் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். ‘ச’வை முதலாக வைத்த பழைய சுர வரிசையான சட்ஜ கிராமத்தில் ச 4, ரி 3, க 2, ம 4, ப 4, த 3, நி 2. இதுவும் 22தான். ஆனால் குரலைச் சட்ஜமாக வைத்தால் இரண்டாவது சுரத்திலேயே இடிக்கிறது. அங்கே துத்தம் 4, இங்கே ரி 3. குரலை மத்திமத்தில், அதாவது ‘ம’வில், வைத்துப் பாருங்கள். ம 4, ப 4, த 3, நி 2, ச 4, ரி 3, க 2. வெண்பாவின் கணக்கு அச்சு மாறாமல் வந்துவிடுகிறது. அதனால்தான் குரல் என்பது சட்ஜமா மத்திமமா என்று அறிஞர்கள் இத்தனை காலம் வாதாடியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஆட்கள். விபுலானந்த அடிகள் 1947இல் யாழ்நூலை வெளியிடும் வரைக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தது இந்தப் பழைய சொற்களை மறுபடி ஒலிக்கவைக்கத்தான். நான் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. இவ்வளவு பெரிய வழக்கை ஓர் அட்டவணைக்குள் மடித்து வைத்து, ‘குரல் = ச’ என்று சமக்குறி போடும்போது ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருக்கவேண்டிய ஆச்சரியம் பறிபோகிறது. அந்த 22ஐ நான் கரும்பலகையில் கூட்டிக் காட்டுகிற நாளில் வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை.

சமக்குறி என்றால் பண்களுக்கும் அதேதான். ‘பண் = இராகம்’ என்று போட்டுவிடுகிறோம். தேவாரப் பண்களிலேயே தக்கராகம், பழந்தக்கராகம் என்று இராகம் என்ற சொல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அப்போதே அவை பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த சொற்கள். அப்புறம் குறிஞ்சி. தேவாரத்தில் குறிஞ்சிப் பண் என்று தலைப்பிட்ட பதிகத்தை இன்று ஓதுவார்கள் ஹரிகாம்போதியில் பாடுகிறார்கள். கச்சேரி மேடையில் குறிஞ்சி என்று சொன்னால் அது சங்கராபரணத்தைச் சேர்ந்த வேறொரு ராகம், தாலாட்டுக்கும் கல்யாணப் பாட்டுக்கும் பேர்போனது. தாய் ராகங்களான மேளங்களின் வரிசையில் ஹரிகாம்போதி 28ஆவது, சங்கராபரணம் 29ஆவது. இரண்டுக்கும் நிஷாதம், அதாவது ‘நி’, ஒன்றுதான் வேறுபாடு. ஆனால் அந்த ஒரு சுரத்தில் முழு முகமும் மாறிவிடுகிறது. என்னிடம் படித்த ஒரு பையன் குறிஞ்சிப் பண் பதிகத்தைக் குறிஞ்சி ராகத்திலேயே மெட்டுப் போட்டுக்கொண்டு வந்து பாடினான். பெயரை நம்பியிருக்கிறான், பாவம். அழகாகவும் பாடினான். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்காரவைத்து, ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது போல என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினேன். பாடநூலில் இரண்டு வரி இருந்திருந்தால் போதும்.

யாழ் என்பதற்கு ‘ஒரு வகை வீணை’ என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். திருப்பள்ளியெழுச்சியில் மாணிக்கவாசகர் ‘இன்னிசை வீணையர் யாழினர் ஒருபால்’ என்கிறார். இரண்டு கருவி, இரண்டு வகை ஆட்கள். யாழ் என்ற சொல் கருவியையும் குறித்தது, பாலையாழ், மருதயாழ் என்று பெரும்பண்ணையும் குறித்தது. வீணை என்ற சொல்லும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. சமுத்திரகுப்தர் நாணயத்தில் மடியில் வைத்து வாசிக்கிறாரே, அதையும் வீணை என்றுதான் சொன்னார்கள். ஆனால் அது வில் போல வளைந்து நரம்பு கட்டியது, நம் யாழுக்கு உறவு. இன்று நான் மடியில் வைத்திருக்கும் 24 மெட்டு வீணை, தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. 17ஆம் நூற்றாண்டு. பெயர் பழையது, கருவி புதியது.

மெட்டு என்றேன். வீணைக்காரருக்கு மெட்டு என்றால் தண்டியில் மெழுகு வைத்துப் பதித்த பித்தளைக் கம்பி. சினிமாக்காரருக்கு மெட்டு என்றால் பாட்டின் நடை. என் வகுப்பில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும், யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பறை.

நான் பார்த்த ஒரு சொற்பட்டியலில் பறைக்கு ஒரே ஒரு வரி. ‘இறப்புச் சடங்குகளில் அடிக்கப்படும் தோற்கருவி.’ அவ்வளவுதான். தொல்காப்பியர் ஐந்து நிலத்துக்கும் கருப்பொருள் சொல்லும்போது ‘தெய்வம் உணாவே மாமரம் புள் பறை’ என்கிறார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, அதற்கு அடுத்தது பறை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. மருதத்துக்கு நெல்லரிகிணை, கூடவே மணமுழா. மணமுழா என்றால் கல்யாண முழவு, அதுவும் பறை என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. ஆக, பறை என்பது தோற்கருவி எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராக இருந்த காலம் ஒன்று உண்டு. ஏறு தழுவவும், மீன் பிடிக்கவும், கதிர் அறுக்கவும், சாவுக்கும், கல்யாணத்துக்கும் ஒரே குடும்பப் பெயர்.

ஆண்டாள் மார்கழி முழுக்கக் கேட்பதும் பறைதான். ‘சாலப் பெரும் பறையே’ என்று 26ஆவது பாட்டில் கேட்கும்போது அது நோன்புக்கு வேண்டிய வாத்தியம், சங்கோடும் விளக்கோடும் கொடியோடும் சேர்ந்து வருகிறது. 29ஆவது பாட்டில் ‘இற்றைப் பறை கொள்வான் அன்றுகாண் கோவிந்தா’ என்று திருப்பிவிடுகிறாள். நான் கேட்டது இந்தப் பறை இல்லை, ஏழேழ் பிறவிக்கும் உனக்கே ஆட்செய்வதுதான் என்கிறாள். மூன்று பாட்டு இடைவெளிக்குள் ஒரு சொல் வாத்தியத்திலிருந்து பிறவிப் பயனாகிவிடுகிறது. மார்கழி விடியலில் ஊரெல்லாம் பறை பறை என்று பாடுகிறோம். அதே ஊரில் அந்தச் சொல்லை ஒருவரைத் தாழ்த்துவதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதைத் தாங்கிக்கொண்டு எத்தனையோ தலைமுறை அந்தக் கருவியைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு வந்த இழிவு கருவியின் தன்மையால் வந்தது இல்லை. சாதி கொண்டுவந்து ஒட்டியது. இன்று இளைஞர்கள், பெண்களும்தான், பறையைக் கையில் எடுத்து மேடையில் ஆடுகிறார்கள். சொல்லின் பொருள் எங்கள் கண்ணெதிரிலேயே மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு ‘இறப்புச் சடங்கு’ என்ற ஒரு வரியைப் பள்ளிப் பிள்ளை கையில் கொடுப்பது வெறும் குறைபாடு இல்லை, அநியாயம். பறையடிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

மேளத்துக்கும் இப்படி ஒரு பாதை உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேளம் என்றால் சேர்க்கை, கூட்டம். நாகசுரம், தவில், சுருதி பிடிக்கும் குழலான ஒத்து, தாளம் சேர்ந்தது பெரியமேளம். சதிர் ஆடுபவரும் அவருடைய பக்கவாத்தியமும் சேர்ந்தது சின்னமேளம். சதிர் 1930களில் பரதநாட்டியம் ஆனதும் சின்னமேளம் என்ற சொல் பேச்சிலிருந்து நழுவியது. இன்று ஊரில் மேளம் என்றால் தவில். சுரங்களின் சேர்க்கையும் மேளம்தான். 1550இல் இராமாமாத்தியர் 20 மேளம் சொன்னார், அடுத்த நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி கணக்குப் போட்டு 72 என்றார். அந்த 72இல் தம் காலத்தில் வழக்கில் இருப்பவை 19 என்று அவரே எழுதியிருக்கிறார். இன்று 72உம் பாடப்படுகின்றன. கணக்காகப் பிறந்த சொல், பிறகு இசையாகவே ஆனது.

பழைய பொருள் பேசுகிறேன் என்பதால் புதிய பொருள்களின் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் தவறும் என்னைச் சங்கடப்படுத்துகிறது. ‘மெல்லிசை’ என்றால் தொல்காப்பியத்தில் மெல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்து வரும் செய்யுள் நடை. 1960களில் விசுவநாதனையும் ராமமூர்த்தியையும் மெல்லிசை மன்னர்கள் என்று தமிழ்நாடே அழைத்தது. அப்போது அது முற்றிலும் வேறு இசை. அந்தப் பட்டத்தில் பிழை கண்டுபிடிக்க முடியுமா? சொல் அங்கே புதிதாகப் பிறந்தது. அதேபோல ‘ரீரெக்கார்டிங்’. ஆங்கிலத்தில் அதன் நேர்ப்பொருள் ஒலியை மறுபடி பதிவு செய்வது. கோடம்பாக்கத்தில் அதற்குப் படத்தின் பின்னணி இசையை அமைத்துப் பதிவு செய்வது என்று பொருள். டீக்கடையில் கூட “ரீரெக்கார்டிங் பிரமாதம்” என்பார்கள். ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றால் எங்கள் பக்கத்துத் திருவிழாவில் இரவு பத்து மணிக்கு மேடையேறும் மெல்லிசைக் குழு. இவையெல்லாம் தமிழ்ச் சொற்கள் ஆகிவிட்டன. இவற்றுக்கும் உங்கள் பட்டியலில் இடம் வேண்டும், திருத்துவதற்காக இல்லை, பதிவு செய்வதற்காக. கச்சேரி மட்டும் எங்கிருந்து வந்தது? அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருளில் வந்த சொல். தாசில்தார் கச்சேரி என்று என் பாட்டி சொல்வார். மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்ற பெயர் அந்தப் பழைய பொருளில் வைத்தது. இன்று டிசம்பரில் அந்தப் பக்கம் நடக்கிறவர்களுக்கு அது பாட்டுக் கச்சேரியின் சாலையாகத்தான் படும்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். காலம் போட்டால் புத்தகம் பெருத்துவிடும், பிள்ளைகள் குழம்புவார்கள். குழம்புவதில்லை என்று 26 வருட அனுபவத்தில் சொல்கிறேன். பொருள் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, வேறொன்று எதிர்ப்படும்போதுதான் குழம்புகிறார்கள். புத்தகமும் பெருக்காது. பொருள் கணிசமாக மாறிய இசைச் சொற்கள் என்று என் நோட்டில் நான் எழுதி வைத்திருப்பவை மொத்தம் 43. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும். எந்த நூலில், ஏறக்குறைய எந்தக் காலத்தில், என்ன பொருள் என்று எழுதினால் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோதே ஒவ்வொரு பொருளுக்கும் நூல் மேற்கோள் காட்டியது. அதற்குக் கணினி இல்லை, தேடுபொறி இல்லை. வீ.ப.கா. சுந்தரம் ஒருவராக நின்று தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை நான்கு தொகுதியாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தமிழிசைச் சங்கத்தில் 1949 முதல் பண் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அடித்தளம் எல்லாம் இருக்கிறது. பாடநூலுக்கும் வினாத்தாளுக்கும் அதிலிருந்து ஒரு கை அள்ளிக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாக்கி.

வேண்டுமானால் என் நோட்டை நகலெடுத்துத் தரத் தயாராக இருக்கிறேன். பேர் போட வேண்டாம், பணமும் வேண்டாம். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், எனக்கும் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்கவில்லை. அவள் இந்த வருடம் அடுத்த நிலைத் தேர்வு எழுதப் போகிறாள், இப்போதே சிலம்பின் கானல்வரியைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அதிலும் யாழைப் பற்றி நிறைய வருகிறது, புதிது புதிதாகச் சந்தேகம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அடுத்த முறை ‘பாணி - பொருள் தருக’ என்று கேட்கும்போது, ‘சிலப்பதிகாரத்தில்’ என்றோ ‘இன்றைய வழக்கில்’ என்றோ கேள்விக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஓர் இசை ஆசிரியை
கும்பகோணம்